சதுரத் தட்டு

என் அண்ணிக்கு எதைக் கண்டாலும் பயம். வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கியபின் திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கேஸ் மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், மோந்து பார்ப்பார், அதுவும் போதாமல் என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார். சாலையில் பச்சை விளக்கு விழுந்தாலும் பக்கத்தில் நிற்கிறவர் கால் எடுத்து வைத்த பிறகுதான் இவர் கால் நகரும். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வண்டி கிளம்பிப் பத்து நிமிஷத்தில் அண்ணியின் போன் வந்துவிடும், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாச்சா என்று. அண்ணன் அப்போது எங்கள் தெருமுனையில்தான் நின்றிருப்பார்.

நான் அண்ணன் வீட்டோடு இருக்கிற தம்பி. கல்யாணம் ஒன்று நடந்து, அது நிலைக்காமல் போய், நாற்பத்து மூன்று வயதிலும் அண்ணி கையால் சாப்பிடுகிறவன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, அவருடைய பயத்தைக் கேலி செய்வதையும் ஒரு வேலையாகவே பார்த்துவந்தேன். அந்தக் கேலி ஒருநாள் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் வேலை செய்வது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில். பன்னிரண்டு மேசை. பெரிய மனிதர்கள் வருகிற இடமில்லை. டியூட்டி முடிந்த நர்சுகள், பேருந்து ஓட்டுகிறவர்கள், செருப்புக்கடைப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், வேறு வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். பக்கத்துப் பக்கத்து மேசையில் நாலு பாஷை கேட்கும். உள்ளேயும் அதே கதைதான். அடுப்பில் நிற்கிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் மலை. ஆள் அந்த அளவு. அவன் பாஷை வேறு. பாத்திரம் கழுவுகிறவர் பாஷை வேறு. முதலாளியம்மா பாஷை அது இரண்டிலும் சேராது. எல்லோருக்கும் பொதுவாக ஊர் பாஷை ஒன்று இருக்கிறது. அதில் எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஐம்பது வார்த்தை தெரியும். அந்த ஐம்பதில் பத்து திட்டு.

அண்ணி அங்கே பரிமாறுகிறவர். ஆர்டர் எடுத்துச் சீட்டில் எழுதி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கிற ஜன்னலில் கொடுப்பார். ஜன்னலுக்கு உள்பக்கம் நான். சீட்டைக் கம்பியில் செருகுவது, தட்டுகளை வரிசையாக வைப்பது, மலை கொட்டியதும் தட்டின் விளிம்பைத் துடைப்பது, மணி அடித்து மேசை எண்ணைச் சொல்வது என் வேலை. கேட்க ஒன்றுமில்லாத வேலை மாதிரித் தெரியும். மதியம் ஒரு மணிக்கு வந்து நின்று பார்த்தால்தான் தெரியும்.

அண்ணி சேர்ந்த இரண்டாம் வருஷம், நான் வருவதற்கு முன்னால், நான்காம் மேசையில் ஒரு பெரியவர் தனக்கு வேர்க்கடலை ஆகாது என்று சொல்லியிருக்கிறார். கொஞ்சம் பட்டாலும் உடம்பு தாங்காது. அண்ணி உள்ளே போய்ச் சொன்னார். அப்போது அடுப்பில் நின்றவர் தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தட்டில் கடலை போய்விட்டது. பெரியவர் முகம் வீங்கி, மூச்சு கிடைக்காமல், மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததை அண்ணி பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அண்ணி மட்டும் அதிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. ஏற்கெனவே பயந்தவர், அதன்பிறகு பயத்தையே கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்த ஆரம்பித்தார்.

மறுநாள் அண்ணி வீட்டிலிருந்து துணி காயப்போடுகிற கிளிப்புகளை ஒரு பை நிறையக் கொண்டுபோனார். வெள்ளை கிளிப் போட்ட சீட்டு என்றால் காரம் கூடாது. பச்சை என்றால் கறி கூடாது. மஞ்சள் என்றால் பால் கூடாது. சிவப்பு என்றால் கடலை, பருப்பு வகை எதுவும் கூடாது. எந்தப் பாஷைக்காரனுக்கும் இது புரிந்தது. சிவப்புக்கு மட்டும் இன்னும் கெடுபிடி. மூலை அடுப்பில், தனி வாணலியில், தனிக் கரண்டியால், ஒரே ஆள் முதலிலிருந்து கடைசிவரை செய்து, அவனே தட்டில் போட்டு ஜன்னலில் வைக்க வேண்டும். முதலில் அந்தச் சிவப்பு கிளிப்பைத் தட்டின் விளிம்பிலேயே மாட்டி அனுப்பினார்கள். ஒருநாள் அது சூப்புக்குள் விழுந்து, சாப்பிட வந்தவர் கூச்சல் போட்டு, முதலாளியம்மா கிளிப் தட்டுக்குப் பக்கத்தில் வரவே கூடாது என்றுவிட்டார். அதற்குப் பதிலாக ஆறு சதுரத் தட்டு வாங்கிக் கொடுத்தார். மற்றதெல்லாம் வட்டம். சிவப்புக்கு மட்டும் சதுரம். அந்த ஆறும் மூலை அடுப்புக்கு மேலே தனிப் பலகையில் இருக்கும். அதை வேறு எதற்கும் தொடக்கூடாது.

இந்த ஏற்பாட்டால் எங்கள் கடைக்கு ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பதை நெருங்குகிறவர், எங்கள் யாருடைய பாஷையும் தெரியாதவர். அவருக்குக் கடலை ஆகாது. வெளியே சாப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது என்று விரலை மடக்கி மடக்கி அண்ணிக்குச் சொன்னார். அதன்பிறகு வாரத்தில் நாலு நாள் ஒன்று நாற்பதுக்கு வந்து ஜன்னலோர இரண்டாம் மேசையில் உட்காருவார். அண்ணி ஏப்ரனின் நெஞ்சுப் பக்கத்தில் எப்போதும் மாட்டியிருக்கிற சிவப்பு கிளிப்பைத் தொட்டுக் காட்டுவார். அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவார். அந்தப் பையில் பேனா மாதிரி ஓர் ஊசி இருக்கும், ஆபத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ள. இரண்டு பேரும் தொட்டுக்கொண்ட பிறகுதான் சாப்பாடு. எனக்கு இது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். "என்ன அண்ணி, பூஜை முடிஞ்சுதா?" என்பேன்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்தவர் அண்ணியை நிறுத்தி, தன் இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார். மகள். எட்டு வயது. அவளுக்கும் ஆகாது. பிறந்ததிலிருந்து வெளியே எந்தக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மற்ற பிள்ளைகள் போகிறபோது அழுகிறாள். நாளைக்கு இங்கே கூட்டி வரட்டுமா என்று பாதி சைகையும் பாதி ஊர் பாஷையுமாகக் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. கிளிப்பைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே வந்து, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அண்ணன் கேட்டதற்கு, பசியில்லை என்றார். பெரிய ஆளுக்குப் பரிமாறுவது வேறு, அவருக்குத் தன் உடம்பு தெரியும், குழந்தைக்கு என்ன தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கே மூலை வாணலியை அவரே இரண்டு தடவை கழுவினார். கரண்டியை வெந்நீரில் போட்டார். மலையைக் கூப்பிட்டுச் சிவப்பு கிளிப்பைக் காட்டி, இரண்டு விரலைக் காட்டி, பிறகு இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார். மலை சரி சரி என்றான். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பவும் வந்து அதையே காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. கிளிப் பையை எடுத்தேன். காதில் இரண்டு, மூக்கில் ஒன்று, உதட்டில் ஒன்று, விரலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, கை கால் வெடவெடவென்று நடுங்க அண்ணி மாதிரியே சமையலறையைச் சுற்றி வந்தேன். வாணலியைப் பார்த்து நடுங்கினேன். கரண்டியைப் பார்த்து நடுங்கினேன். தண்ணீர்க் குழாயைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பாஷை தெரியாதவர்களுக்கு இது போதாதா? மலை அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாத்திரம் கழுவுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளியம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேசை துடைக்கப் போனார். அதற்குப்பின் சமையலறைக்குள் அவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. பயம் தெளிந்துவிட்டது, நம் வைத்தியம் வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒன்று நாற்பதுக்கு ஓட்டுநர் மகளுடன் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரட்டைப் பின்னல், புதுச் சட்டை. உட்கார்ந்த உடனே மேசையைத் தடவிப் பார்த்தாள், உப்புப் புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். மெனு அட்டையைப் பாடப் புத்தகம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். அப்பா வழக்கமாகச் சாப்பிடுகிற சோறும் மீனும் அவளுக்கு வேண்டாம். படத்தில் இருக்கிற நூடுல்ஸ்தான் வேண்டும். அந்த நூடுல்ஸுக்கு நாங்கள் கடலை அரைத்துவிட்ட சாஸ் ஊற்றுவோம். சாஸ் இல்லாமலும் செய்யலாம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்பு. அப்பா அண்ணியைப் பார்த்தார். அண்ணி கொஞ்சம் தயங்கிவிட்டு கிளிப்பைத் தொட்டார். அவர் சட்டைப் பையைத் தொட்டார். அவளும் தன் சட்டையில் இல்லாத பையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

சீட்டு ஜன்னலுக்கு வந்தது. இரண்டு நூடுல்ஸ், இரண்டு சிவப்பு கிளிப். நான் கம்பியில் செருகினேன். மலை பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டடத்து ஆபீசிலிருந்து பதினெட்டுப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். நாலு மேசையை இழுத்துச் சேர்த்தார்கள். அதில் பதினாறு பேர் நூடுல்ஸ் கேட்டார்கள், சாஸோடு. எள் விழ இடமில்லை. மலை பெரிய வாணலியில் இரண்டு தவணையாகப் புரட்டினான். நான் தட்டுகளை வரிசை வைத்தேன். பதினாலு வட்டத் தட்டு இருந்தது. மிச்சம் எல்லாம் கழுவுகிற தொட்டியில் கிடந்தது. மலை வாணலியைத் தூக்கிக்கொண்டு கொட்டத் தயாராக நிற்கிறான். நூடுல்ஸ் ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நான் மேலே கையை நீட்டி இரண்டு சதுரத் தட்டை எடுத்து வைத்தேன்.

இரண்டு நிமிஷம்தானே, வட்டத் தட்டு கழுவி வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இல்லை, அதுகூட நினைத்தேனா என்று தெரியவில்லை. சிவப்பு ஆர்டர் ஏற்கெனவே போய்விட்டது என்று நினைத்ததாக அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. கை நீண்டது, எடுத்தது, அவ்வளவுதான். மலை எது வட்டம், எது சதுரம் என்று பார்க்காமலே கொட்டிவிட்டு மூலை அடுப்புக்குப் போனான். இடம் இல்லாததால் அந்த இரண்டு சதுரத்தையும் ஜன்னலின் ஓரத்துக்குத் தள்ளினேன். சிவப்புத் தட்டு எப்போதும் வந்து நிற்கிற ஓரம் அது.

அண்ணி வந்தார். நான் குனிந்து விளிம்பு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இது என்னுதுதானே?"

"ஆமா அண்ணி, ஆமா. எடுத்துட்டுப் போங்க. பயந்தது போதும்."

ஒரு நொடி அவர் அங்கேயே நின்றார். அவருடைய ஏப்ரன் நுனியும் கையும் மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு அந்தக் கை இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போனது.

ஐந்தாறு தட்டு துடைத்திருப்பேன். பக்கத்தில் டொக்கென்று சத்தம். மலை இரண்டு சதுரத் தட்டைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தான். வைத்துவிட்டு, இரண்டு விரலால் சிவப்பு கிளிப்பை ஆட்டிக் காட்டிச் சிரித்தான், அண்ணியைக் கூப்பிடு என்கிற மாதிரி.

அப்போது எனக்கு முதலில் வந்த நினைப்பு அந்தப் பிள்ளையைப் பற்றியதில்லை. முதலாளியம்மா எங்கே நிற்கிறார், சதுரத் தட்டை நான் எடுத்ததை யாராவது பார்த்தார்களா, அதுதான் முதலில் வந்தது. மூன்று நொடியோ நாலு நொடியோ அதிலேயே போயிற்று. அந்த நாலு நொடியை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. பிறகுதான் கத்தினேன்.

"அண்ணி, அது இல்ல!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்தார். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழாம் மேசையிலிருந்து இரண்டாம் மேசைக்கு அவர் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தட்டைக் கையால் அடித்துத் தள்ளினார். அது தரையில் விழுந்து உடைந்தது. சின்னவள் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். வாயில் இருந்ததை அண்ணி விரலைவிட்டு வெளியே எடுத்தார். இரண்டு வாய் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. அப்பா இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. மகள் முதலில் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. அவள் சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று நான் ஜன்னலுக்குப் பின்னால் வாய்க்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். பிறகு கழுத்தைச் சொறிந்தாள். உதட்டைத் தடவினாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், குரல் கம்மி வந்தது. கண்ணுக்குக் கீழே தடித்துக்கொண்டு வந்தது. இருமினாள். அந்த இருமலில் காற்று இல்லை.

தினமும் பெரிய பேருந்தைச் சந்துபொந்தெல்லாம் திருப்புகிற கை, அந்த ஊசியின் மூடியைக் கழற்ற முடியாமல் நடுங்கியது. அண்ணி அதை வாங்கி மூடியைக் கழற்றி அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார். எதைக் கண்டாலும் நடுங்குகிற என் அண்ணியின் கை அப்போது நடுங்கவில்லை. தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, அவள் காலை அசையாமல் பிடித்துக்கொண்டார். அப்பா தொடையில் குத்தினார். நான் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எங்கே என்று கேட்டபோது, தினமும் வந்து போகிற கடையின் முகவரி எனக்கு வரவில்லை. முதலாளியம்மா போனைப் பிடுங்கிச் சொன்னார்.

ஒன்பது நிமிஷம். பதினெட்டுப் பேரும் எழுந்து சுவரோடு சுவராக நின்றார்கள். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஓட்டை விழுந்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று எல்லோரும் காத்திருந்தோம். அப்பா தங்கள் பாஷையில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி நம் பாஷையில் "இரும்மா, இரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மலை மூலையில் நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். இவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இன்னொரு ஊசி போட்டு, மூக்கில் குழாய் மாட்டி, தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது என்ன சாப்பிட்டாள், எப்படி ஆனது என்று கேட்டார்கள். முதலாளியம்மா அண்ணியைப் பார்த்தார்.

"நான்தான் மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றார் அண்ணி.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டிருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் முதலாளியம்மாவுக்குச் சேதி வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அண்ணியை வேலைக்கு வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறேன் என்று முதலாளியம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அண்ணி வீட்டில் இருந்தார். எனக்குச் சோறு போட்டார். என்ன தம்பி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். இப்போது கேட்டுவிடுவார், இப்போது கேட்டுவிடுவார் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் பயம். அவர் கேட்கவேயில்லை.

ஏழாவது நாள், ஒன்று நாற்பது. ஓட்டுநர் வந்தார். உட்காரவில்லை. நேராக ஜன்னலுக்கு வந்து நின்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சில், அண்ணி கிளிப் மாட்டுகிற இடத்தைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். அந்த அம்மா எங்கே என்று அர்த்தம்.

அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை என்று கைகாட்டி அனுப்பியிருக்கலாம். அவரிடம் எதையும் விளக்கிச் சொல்ல அவருடைய பாஷையும் எனக்குத் தெரியாது, அது ஒரு நல்ல சாக்கு. ஆனால் அவர் சட்டைப் பையில் அந்த ஊசி இருந்தது. புதுசு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பலகையிலிருந்து ஒரு சதுரத் தட்டை எடுத்தேன். அதைக் காட்டினேன். பெரிய வாணலியைக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைக் காட்டினேன். புரியவில்லையோ என்று இன்னொரு தடவை, தட்டு, வாணலி, நான்.

அவருக்கு முதல் தடவையே புரிந்திருந்தது. தட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. தட்டைத் திரும்ப ஜன்னலில், அதே ஓரத்தில் வைத்துவிட்டு, கதவைக் காட்டினார். போய் அவங்களிடம் சொல்லு என்று அர்த்தம். முதலாளியம்மா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே வீட்டுக்கு நடந்தேன்.

அண்ணி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனின் சட்டையைக் கொடியில் போட்டு, வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்து மாட்டினார். இந்த நேரத்தில் என்னைக் கண்டதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, ஓரம், நான் குனிந்தபடியே சொன்ன பதில், அந்த நாலு நொடியை மட்டும் விட்டு மற்றதெல்லாம்.

அவர் ஆச்சரியப்படவில்லை. வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினார்.

"தெரியும் தம்பி. நான் கேட்டப்ப நீங்க தலையத் தூக்கவே இல்ல. நான் பாத்தேன்."

"பாத்துட்டும் ஏன் அண்ணி எடுத்துட்டுப் போனீங்க?"

அவர் துணியைக் கொடியில் போட்டு நுனியைச் சரிசெய்தார்.

"இன்னொரு தடவ கேட்டா நீங்க சிரிப்பீங்க. காலையில சிரிச்ச மாதிரி எல்லாரும் சிரிப்பாங்க. அதுக்குப் பயந்துதான் கேக்காம போயிட்டேன். ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒரு பிள்ளைய சாகக் குடுத்திருப்பேன், தம்பி."

பூட்டுக்கும் கேஸுக்கும் சாலைக்கும் பயப்படுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். என்னைக் கண்டும் பயப்படுகிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஈரத்துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி வாங்கிப் போட்டார். கடைசித் துணிக்கு வெள்ளை கிளிப் தீர்ந்து சிவப்பு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைத் துணிக்கு மாட்டாமல் தன் தோள் துணியில் மாட்டிக்கொண்டார்.

"முதலாளியம்மா கூப்பிட்டா வரேன். ஆனா நான் எத்தன தடவ கேட்டாலும் நீங்க தலையத் தூக்கி என் முகத்தப் பாத்துப் பதில் சொல்லணும்."

நான் தலையாட்டினேன்.

"தலையாட்டாதீங்க தம்பி" என்றார் அண்ணி. "வாயால சொல்லுங்க."